நேர் இறகுப் பெண் ஈக்கள்

சிந்தாமணி சமைத்ததைச் சாப்பிட்ட மனிதர்கள் குறைவு. பதினோரு வருடங்களாக அவள் ஈக்களுக்குத்தான் சமைத்துப் போட்டாள்.

பெரம்பலூருக்கு வெளியே ஒரு கல்லூரி. அதன் விலங்கியல் துறை மாடியில் எந்நேரமும் குளிர்ந்து கிடக்கும் ஓர் அறை. அழுகின வாழைப்பழத்தை மொய்க்குமே, எள்ளளவு பழ ஈ, அது அந்த அறையில் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்ந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் வருவார்கள், பட்டம் வாங்குவார்கள், போவார்கள். ஈக்களும் சிந்தாமணியும் அங்கேயே இருந்தார்கள்.

மக்காச்சோள மாவு, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி. நான்கையும் பெரிய அலுமினியக் குண்டானில் போட்டு, அடி பிடிக்காமல் துழாவி, களி பதத்தில் இறக்கி, ஆறுவதற்குள் குப்பிகளில் விரல்கடை உயரம் ஊற்ற வேண்டும். இறுகியபின் பழைய குப்பியைப் புதிய குப்பியின் மேல் கவிழ்த்து, உள்ளங்கையால் தட்டினால் ஈக்கள் எல்லாம் புது வீட்டுக்குக் குடிபோய்விடும். வாயைப் பஞ்சால் அடைத்து, பெயரும் தேதியும் எழுதி ஒட்டினால் வேலை முடிந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி மாற்றாவிட்டால் அந்த வம்சம் அழிந்துபோகும்.

வம்சம் என்ற சொல்லோடு அவளுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது.

அவள் பிறந்தது அரியலூர்ப் பக்கம், கீழப்பழுவூரில். பத்தொன்பது வயதில் குரும்பலூர் இளையபெருமாளுக்குக் கழுத்தை நீட்டினாள். வெங்காயக் காடு வைத்திருந்த குடும்பம். களை எடுத்தாள், தண்ணீர் கட்டினாள். பட்டறை போட்டுச் சேமித்த சின்ன வெங்காயத்தை விதைக்குப் பொறுக்கும் வேலையில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை. இரட்டைக் காய், கழுத்து வளைந்தது, அமுக்கினால் உள்ளே போவது எல்லாம் குழம்புக்கு. உருண்டு திரண்டு, கை வைத்தால் கல் மாதிரி இருப்பது மட்டும் விதைக்கு. மாமியாரே சொன்னாள், "சிந்தாமணி கைபட்ட வெதை பொய்க்காது."

ஆனால் அவள் வயிறு மூன்று முறை பொய்த்தது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது ஓர் இரவு முனகிக்கொண்டு இருந்துவிட்டு விடிகாலையில் அடங்கியது. மூன்றாவதை அவளிடம் காட்டவே இல்லை. ஒன்பதாவது வருடம், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு தாளில் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தான். "நான் என்னா பண்றது சிந்தா" என்றான். அடுத்த தையில் ஜெயங்கொண்டத்துப் பெண் அந்த வீட்டுக்கு வந்தாள்.

கீழப்பழுவூருக்குத் திரும்பிப் போனவளை அண்ணி ஆறு மாதம் பொறுத்துக்கொண்டாள். அதன் பிறகு பெரம்பலூருக்கு வந்து கல்லூரி விடுதியில் ஐந்தாறு வருடம் களி கிண்டினாள். "நல்லா களி கிண்டுற பொம்பளை ஒருத்தி வேணும், ஈக்கு" என்று மாடியிலிருந்து ஆள் வந்தபோது சமையற்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிந்தாமணி சிரிக்கவில்லை. மறுநாள் காலை மாடிக்குப் போய்விட்டாள்.

இந்தக் கதைக்குக் காரணமான பெண் பெயர் அபிநயா. வாலிகண்டபுரத்துப் பெண். அப்பா செல்லக்கண்ணு நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்ற குடும்பம். லாரிக்காரர்களிடமெல்லாம் அவர், "எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்குது. ஈ டாக்டர்" என்று சொல்லுவார். அவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். மகள் அந்த 'டாக்டர்' பட்டத்தைக் கையில் வாங்குகிற நாளுக்காக ஒரு வெள்ளை வேட்டியை மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தார்.

அபிநயா நான்கு வருடமாக ஒரே வம்சத்து ஈக்களை, அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வரிசையைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேறு எந்த ஊர் ஆய்வுக்கூடத்திலும் கேட்டு வாங்க முடியாத வரிசை அது. இரண்டரை வருடம் இதையும் அதையும் கலந்து கலந்து அவளே உண்டாக்கியது. இரண்டே குப்பிகள். அதை வைத்துச் செய்ய வேண்டிய கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும், முடிந்தால் பட்டம்.

ஒரு நாள் சிந்தாமணி களி துழாவும்போது அபிநயா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சுக்கு எது வயிறு, எது முதுகுன்னு யாரு சொல்லிக் குடுக்கிறா, சொல்லுங்க பார்ப்போம்."

"சாமிதான்."

"சாமி இல்ல, அம்மா ஈ. முட்டையச் சுத்தி ஒரு உறை இருக்குல்ல, அதக் கட்டுறது அவதான். அந்த உறையில இருக்கிற புரதத்து மேல, ஒரே ஒரு பக்கம் மட்டும், கந்தகத்துல ஒரு சின்ன ஒட்டு ஒட்டி அனுப்புறா. ஒட்டு இருக்கிற பக்கம் வயிறு. மத்த பக்கம் முதுகு."

"மண்டியில வெங்காய மூட்டைக்கு மை வைக்கிற மாதிரி."

"அதேதான். எனக்குப் பதிலா நீங்க போயி பரீட்சை எழுதுங்க."

"அந்த மை இல்லாட்டி?"

"எல்லாப் பக்கமும் முதுகாயிடும்க்கா. வயிறே வராது. முறுக்கிக்கிட்டு ஒரு குழாய் மாதிரி ஆகி உள்ளயே செத்துப்போகும். என் குப்பியில அந்த மை வைக்கத் தெரியாத பொட்ட ஈ கொஞ்சம் இருக்கு. அதத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்."

சிந்தாமணி துழாவுவதை நிறுத்தாமல் கேட்டாள். "அம்மாக்காரிக்கு ஒண்ணும் ஆவாதா?"

"அவ நல்லாத்தான் இருப்பா. பிள்ளைதான் தங்காது."

"அப்பன்காரன் நல்லாருந்தா?"

"அவன் எப்படி இருந்தாலும் பிரயோசனமில்ல. உறையக் கட்டுறது அவ தானே."

குண்டானிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அபிநயா அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இருபத்தெட்டு வயதுப் பெண், தன் ஈக்களைப் பற்றி மட்டுமே பேசினாள். கரண்டி குண்டானில் நின்றுபோனதை அவள் பார்க்கவில்லை. அன்று முதல் சிந்தாமணி அந்த இரண்டு குப்பிகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நொடி நின்று பார்ப்பாள். அந்த ஈக்களில் பாதிக்கு மேல் இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், தீயில் வாட்டிய இலைபோல. மற்றவற்றுக்கு இறகு நேராக, கண்ணாடிபோல் படிந்திருக்கும். பாவம், இந்தச் சுருண்டதுகள்தான் அந்த மை வைக்கத் தெரியாததுகள் என்று அவள் தனக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. ஒரு திங்கட்கிழமை காலை செல்லக்கண்ணு கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடிய அபிநயா, ஓடுகிற ஓட்டத்தில் போன் பண்ணினாள்.

"அக்கா, என் ரெண்டு குப்பி. எதுன்னு தெரியும்ல?"

"தெரியும் பாப்பா. நீங்க அப்பாவப் பாருங்க. ஈயை நான் பாத்துக்கிறேன்."

அந்த வாரமே மழையில் மின்சாரம் இரண்டு நாள் போனது. குளிர் அறையின் சுவரெல்லாம் வியர்த்து ஒழுகியது. மூன்றாம் நாள் காலை சிந்தாமணி கதவைத் திறந்தபோது, அபிநயாவின் இரண்டு குப்பிகளிலும் களியின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. புழுக்கள் செத்துக் கிடந்தன. ஈக்கள் பாதி ஒட்டிக்கொண்டு இறகை அடித்துக்கொண்டிருந்தன.

வழக்கம்போல் தட்டி மாற்றினால் பூஞ்சணமும் கூடவே வரும். பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். அபிநயா செய்வதைப் பல முறை பார்த்திருக்கிறாள். குப்பிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தாள். ஈக்கள் மயங்கி விழுந்ததும் வெள்ளைத் தாளில் கொட்டி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். அப்பனை அவசரப் பிரிவில் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் ஈயைப் பற்றி எப்படிக் கேட்பது? அவள் கேட்கவில்லை. அவள் கைக்கு ஒரு வேலை தெரியும், அதைச் செய்தாள். வளைந்ததை இந்தப் பக்கம், நேரானதை அந்தப் பக்கம். மை வைக்கத் தெரியாத தாய்கள் எல்லாம் போகட்டும், அபிநயா திரும்பி வரும்போது ஒரு முட்டைகூடப் பழுதில்லாமல் குப்பி நிறையப் புழு நெளியட்டும் என்று நினைத்தாள். சுருள் இறகுகளை ஸ்பிரிட் பாட்டிலில் தட்டினாள். இறகு நேராக, உடல் திரண்டு, ஒரு குற்றமும் சொல்ல முடியாத ஈக்களை மட்டும் புதுக் களி ஊற்றிய குப்பியில் விட்டாள். பெண் நாற்பது இருக்கும், ஆண் ஒரு இருபது.

மறுநாள் களியின் மேல் அரிசிக் குருணைபோல் முட்டைகள் தெரிந்தன. அவள் மனம் குளிர்ந்தது. ஒரு நாளில் முட்டை பொரியும். புழுக்கள் களியைக் குடைந்து, மேல்பரப்பு உழுத காடு மாதிரி ஆகிவிடும்.

இரண்டாம் நாள் களி இஸ்திரி போட்டதுபோல் வழவழப்பாகவே இருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. முட்டைகள் மேலும் மேலும் சேர்ந்தன. எதுவும் நெளியவில்லை. களியில் குறை என்று நினைத்துப் புதிதாகக் கிண்டி மாற்றினாள். அதிலும் நெளியவில்லை. மூன்றாவது முறை மாற்றிவிட்டு, குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். வயிறு வராத முட்டைகள். இந்த அமைதியை அவள் ஏற்கெனவே மூன்று முறை பார்த்திருக்கிறாள்.

நேரானதுகள்தான் மை வைக்கத் தெரியாததுகள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சநாதன் உள்ளே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டான். அவனுக்கு எதற்கும் ஒரு வழி உண்டு.

"இதுக்கா இடிஞ்சு போயி நிக்கிற? கரண்டு போச்சுல்ல, அதுல எல்லாம் செத்துப் போச்சுன்னு சொல்லிடு. குப்பியக் கழுவிக் கவுத்து வெச்சுட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"உசுரோட இருக்குது பஞ்சநாதா."

"இருந்து? முட்டைதான் பொரிக்கலங்கிறியே. பொரிக்காத ஈக்கு மூணு நாளைக்கு ஒருக்கா விருந்து வேறயா? உனக்கு என்ன பெரிய உத்தியோகமா? வருசா வருசம் கையெழுத்துப் போட்டுத்தான நிக்கிற. உன்னாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த வருசம் கூப்புடுவாங்கன்னா நினைக்கிற? சொல்றதக் கேளு, கொட்டிடு."

அவள் குப்பியை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். உள்ளே ஒரு பெண் ஈ களியின் மேல் நின்று, வயிற்றை வளைத்து, இன்னொரு முட்டையை வைத்துக்கொண்டிருந்தது. இளையபெருமாள் அவளை பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்கும் அவள் விடியலில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வீட்டுக்கே சோறு ஆக்கி வைத்துவிட்டுத்தான் வந்தாள். அவளிடம் எந்த வேலையும் நிற்கவில்லை. பிள்ளை ஒன்றுதான் இல்லை.

குழாயை மூடினாள். குப்பியைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.

பஞ்சநாதன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒனக்கு ஈ மூளைதான் இருக்கு."

பத்தாம் நாள் செல்லக்கண்ணு ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தார். சிந்தாமணி மறுநாள் வாலிகண்டபுரம் போனாள். பஞ்சர் கடை மூடியிருந்தது. வாசலில் டயர்களுக்குள் மழைத் தண்ணீர் நின்றது. எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பதென்று நினைத்துத்தான் பஸ் ஏறினாள். உள்ளே அபிநயா சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடியில் பிரிக்காத வெள்ளை வேட்டி தொங்கியது. போகும்போது அதைத்தான் கட்டி அனுப்ப வேண்டுமென்று சிலர் சொன்னார்களாம். அபிநயா விடவில்லையாம்.

"அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இனிமே அது ஒண்ணுதான்க்கா. ஈயெல்லாம் நல்லாருக்குதா?"

சிந்தாமணி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாருக்குது பாப்பா. ரெண்டு வாய் சாப்புடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "செத்தது உங்க சொந்தமா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டினாள்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து அபிநயா கல்லூரிக்கு வந்தாள். பையை வைத்ததும் குளிர் அறைக்குள் போனாள். அலமாரியில் தன் இரண்டு குப்பிகளைத் தேடினாள். ஒன்றுதான் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். சுருண்ட இறகு ஒன்றுகூட இல்லை.

"அக்கா, சுருள் இறகெல்லாம் எங்க?"

சிந்தாமணி சொன்னாள். பூஞ்சணத்திலிருந்து தொடங்கி, பனிக்கட்டி, தூரிகை, ஸ்பிரிட் பாட்டில் என்று எதையும் விடாமல் சொன்னாள். வெங்காயம் பொறுக்குவதுபோல் பொறுக்கினேன் என்றும் சொன்னாள்.

அபிநயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சுருண்டதுதான்க்கா நல்லது. நல்ல மரபணு ஒண்ணு இன்னும் உள்ள இருக்குன்னு நமக்குக் காட்டத்தான் அந்தச் சுருள். அதுங்கதான் வம்சத்த எடுத்துட்டுப் போறது. நேரா இருக்கிற பொட்டைக்குத்தான் அந்த மை வைக்க வராது." நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு எங்க வூட்டுல கேட்டேன்ல. எங்கப்பா செத்த வூட்டுல. அப்ப ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"அந்த மொகத்தப் பாத்து என்னான்னு சொல்றது பாப்பா?"

அபிநயா மேஜையில் தலை கவிழ்ந்தாள். நான்கு வருடம். வெளியே மாணவர்கள் யாரோ சத்தமாகச் சிரித்துக்கொண்டு படி இறங்கினார்கள். சிந்தாமணி நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அபிநயா தலையை நிமிர்த்தி, கையிலிருந்த குப்பியின் தேதியைப் பார்த்தாள். முந்தாநாள் தேதி.

"இது பொறுக்கின அதே ஈங்களா? இன்னுமா வச்சிருக்கீங்க?"

"ஆமாம் பாப்பா. கொட்ட மனசு வரல. மூணு நாளைக்கு ஒருக்கா சோறு மாத்துறேன்."

"ஆணு இருக்குதா இதுல?"

"இருக்குது. கொஞ்சம் செத்துப் போச்சு."

அபிநயா எழுந்துவிட்டாள். குப்பியை விளக்கில் பிடித்தாள். "அக்கா, அப்ப போகல. ஆணுக்கு இந்தக் குறையால ஒண்ணுமில்லக்கா. அவன் உறை கட்டப் போறதில்ல. வேற நல்ல பொட்டையோட அவனச் சேர்த்து விட்டா பிள்ளை பிழைக்கும். வரிசை திரும்ப வந்துடும்."

"அது எனக்குத் தெரியும் பாப்பா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தது பொண்ணு, பத்தாவது படிக்குது. பஸ்ஸுல பாப்பேன். அவரு புருவம் அப்படியே அதுக்கு. நல்லாருக்குதுங்க ரெண்டும்."

அபிநயாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் குப்பியை மேஜைமேல் வைத்துவிட்டாள். களி கிண்டும்போது தான் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"எத்தினி புள்ளைங்க போச்சுக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூணு."

"அக்கா, ஈய வச்சு நம்மள நினைக்காதீங்க. மனுசங்களுக்கு அந்த மாதிரி மையெல்லாம் கிடையாது. நம்ம கதை வேற. உங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது டாக்டரு பார்த்தாங்களா? அவரைச் சோதிச்சாங்களா?"

"அதெல்லாம் யாரு பார்த்தா." சிந்தாமணி தூரிகையை எடுத்து நீட்டினாள். "முதல்ல இதப் பாருங்க. நேரமாவுது."

ஒன்பது ஆண் ஈக்கள் உயிரோடு இருந்தன. பக்கத்து அலமாரியில் வேறொரு வரிசையில் சுருள் இறகு கொண்ட இளம் பெண் ஈக்கள் இருந்தன. ஒவ்வோர் ஆணுக்கும் தனிக் குப்பி. அபிநயா பிரித்துக் கொடுக்க, சிந்தாமணி பஞ்சை அடைத்துத் தேதி ஒட்டினாள். கடைசியில் தாளின்மேல் நேர் இறகுப் பெண் ஈக்கள் மட்டும் மிஞ்சின. இருபத்து மூன்று. மயக்கம் தெளிந்து ஒன்றிரண்டு காலை அசைக்கத் தொடங்கின.

"இதுங்கள என்ன பண்றது பாப்பா?"

"அது இனிமே வேணாம்க்கா. ஸ்பிரிட்டுல..." என்று பழக்கத்தில் சொல்ல வந்த அபிநயா பாதியில் நிறுத்திக்கொண்டாள். சிந்தாமணியின் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டாள்.

சிந்தாமணி அவற்றைத் தூரிகையால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு குப்பியில் விட்டாள். பெயர் ஒட்டவில்லை. என்னவென்று எழுதுவது?

பன்னிரண்டு நாள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆண் ஈக்கள் கிழடு தட்டிவிட்டன. ஆறு குப்பிகளில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றில் களி குழைந்தது, புழு நெளிந்தது, கண்ணாடியில் ஏறிக் கூடு கட்டியது. பதின்மூன்றாம் நாள் காலை அபிநயா கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு விலகி நின்றாள். சிந்தாமணி குனிந்து பார்த்தாள். சுருண்ட இறகுகள். ஒன்று, இரண்டு, நிறைய.

"நீங்க கொட்டாம வச்சிருந்ததாலதான்க்கா" என்று அபிநயா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். சந்தோஷமா, அப்பாவை நினைத்தா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சிந்தாமணி முதுகைத் தடவிக் கொடுத்தாள். தன் தவறால் ஒரு பெண்ணின் படிப்பு அழியவில்லை. அது பெரிய பாரம்தான், இறங்கியது. ஆனாலும் அவள் கண் அலமாரியின் மூலைக்குப் போய்விட்டு வந்தது.

அந்த மூலைக் குப்பிக்கு அவள் தொடர்ந்து களி மாற்றினாள். தன் வேலையெல்லாம் முடித்து, கிளம்பும் முன் மாற்றுவாள். இருபத்து மூன்று பதினெட்டானது, பதினொன்றானது. ஒரு மதியம் துறைத் தலைவர் முத்தமிழ்செல்வன் சார் அறையைப் பார்வையிட வந்தார். பெயர் இல்லாத குப்பி அவர் கண்ணில் பட்டது.

"சிந்தாமணி, இது என்ன வரிசை? லேபிள் காணோமே."

"வரிசையெல்லாம் இல்லைங்க சார்."

"அப்ப எதுக்கு இங்க இருக்கு? யாருக்கு வேலை செய்யுது இது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நுண்ணோக்கிப் பக்கமிருந்து அபிநயா திரும்பாமலே சொன்னாள். "என்னோடது சார். வயசாகிற வரைக்கும் வச்சுப் பாக்கணும்."

"எழுதி ஒட்டும்மா அப்ப" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அபிநயா ஒரு சீட்டை எடுத்து, தேதியை எழுதி, பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விட்டு, குப்பியில் ஒட்டினாள்.

தை பிறக்கும்போது ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. இறகின் ஓரம் கிழிந்துவிட்டது. கண்ணாடியில் ஏறும், பாதியில் விழும், திரும்ப ஏறும். அபிநயாவின் சோதனை முடிந்து, முடிவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் சிந்தாமணி குப்பியை ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு எழுந்து வந்தாள். களியின் மேல், வழவழப்பான பரப்பில், வெள்ளையாக இரண்டு மணிகள் தெரிந்தன.

"இன்னுமா முட்டை வைக்குது?"

"வைக்குது பாப்பா," என்றாள் சிந்தாமணி. "அதுகிட்ட யாரு போயி சொல்றது?"